முன்மாதிரி வேலை தேடுநர்

நோய் பரவுகிறது என்று ஊரை அடைத்து, தியேட்டரை இழுத்து மூடிய அன்று டார்ச்சுக்காரர் அழுதார். மறுநாள் சகலையின் டூரிஸ்ட் பஸ்ஸும் ஷெட்டில் நின்றுவிட்டது என்று மனைவி வந்து சொன்னதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு இன்னொரு டம்ளர் டீ கேட்டார்.

மனிதர் கெட்டவர் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் சொல்ல இடம் கிடைக்காது. மீசை முளைத்த நாளிலிருந்து ஒரே சினிமா தியேட்டரில், படம் ஆரம்பித்த பிறகு வருகிறவர்களுக்கு இருட்டில் டார்ச் அடித்து ஸீட் காட்டியவர். ஊரில் பாதிப் பேர் அவர் காட்டிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது. அதில் அவருக்குக் குறை இல்லை. அவருடைய குறையெல்லாம் சகலையைப் பற்றியது.

சகலை என்றால் மனைவியின் அக்காள் கணவர். டூரிஸ்ட் பஸ் டிரைவர். வெள்ளைச் சட்டை, கூலிங் கிளாஸ், மலைப்பாதையில் பிரேக் பிடிக்காமல் போன கதைகள். மாமியார் வீட்டுக்கு இருவரும் போனால் கை வைத்த நாற்காலி சகலைக்கு. ஊருக்கெல்லாம் ஸீட் காட்டியவருக்கு முக்காலி. கல்யாணம் ஆன வருஷத்தில் தொடங்கிய வயிற்றெரிச்சல் அது, எந்த மருந்துக்கும் கேட்கவில்லை.

அதனால்தான் இருவருக்கும் ஒன்றாக வேலை போனதில் அவருக்கு ஒரு நிம்மதி. தனக்கு மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனத்தடை ஆனால் சரி என்று சொல்வார்கள் இல்லையா, அந்த வகை நிம்மதி. வீட்டில் மனைவி முகக்கவசம் தைத்து அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. இவர் அதற்குக் காதுக் கயிறு கோத்துக் கொடுத்துக்கொண்டு, சகலை இப்போது என்ன கோத்துக்கொண்டிருப்பான் என்று யோசித்துச் சந்தோஷப்பட்டார்.

அந்தச் சந்தோஷம் அரசாங்கத்துக்குப் பொறுக்கவில்லை. வேலையிழந்தோர் நல்வாழ்வு, மறுபயிற்சி மற்றும் தன்னம்பிக்கை மீட்பு மையம் என்று ஒன்றைத் திறந்தார்கள்.

மையம் இருந்த இடம் நொடித்துப்போன ஒரு ஃபர்னிச்சர் கடை. சோபா, நாற்காலி, கட்டில் எல்லாம் அப்படியே கிடந்தன. எல்லாவற்றிலும் தள்ளுபடி விலை ஒட்டியிருந்தது, ஆகவே யாரும் உட்காரக் கூடாது. வேலையிழந்தவர்கள் தரையில் வரைந்திருந்த வட்டங்களில் நின்றார்கள். சுற்றிலும் அத்தனை நாற்காலி காலியாக இருக்க இத்தனை பேர் நிற்பதைப் பார்த்து டார்ச்சுக்காரருக்குக் கை பரபரத்தது.

கவுன்ட்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமல் கேட்டார். "வேலை போச்சுங்கிறதுக்கு என்ன ஆதாரம்?"

"தியேட்டரே மூடிக் கிடக்கு சார். வாசல்ல இவ்வளவு பெரிய பூட்டு."

"பூட்டையெல்லாம் நாங்க ஏத்துக்கிறதில்ல. மேனேஜர் கையெழுத்து வேணும்."

"மேனேஜர் எனக்குப் பின்னாடி வட்டத்துலதான் நிக்கிறார் சார். ஐயா, கொஞ்சம் முன்னாடி வாங்க."

தியேட்டர் மேனேஜர் வந்தார், சட்டைப்பையிலிருந்து பேனாவும் எடுத்தார். கவுன்ட்டர்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"உங்களுக்கு வேலை இருக்கா?"

"இல்லீங்க. அதுக்குத்தானே நானும் வந்திருக்கேன்."

"அப்ப நீங்க மேனேஜர் இல்ல. மேனேஜர் இல்லாதவர் மேனேஜர்னு எப்படிக் கையெழுத்துப் போடறது?"

"அவருக்கு வேலை இருந்தா போடலாமா சார்?" என்றார் டார்ச்சுக்காரர்.

"தாராளமா போடலாம். ஆனா அவருக்கு வேலை இருந்தா தியேட்டர் தொறந்திருக்குன்னு அர்த்தம். தியேட்டர் தொறந்திருந்தா உங்களுக்கு வேலை போகல. வேலை போகாதவங்க இங்க வரக் கூடாது."

கணக்கு சரியாக வந்துவிட்ட வாத்தியார் மாதிரி அவர் முகம் மலர்ந்தது. அதற்குமேல் இரக்கப்பட்டு, டார்ச்சுக்காரரை 'உறுதிசெய்யப்படாத வேலையின்மை' என்ற பிரிவில் சேர்த்து, சட்டையில் குத்திக்கொள்ள ஒரு மஞ்சள் அட்டை கொடுத்தார்.

சகலை அன்று சாயங்காலம் மையத்துக்குப் போனான். அவனுடைய டிராவல்ஸ் கம்பெனி, ஆளை வேலையை விட்டு அனுப்பும்போது பளபளக்கும் தாளில் கண்ணீர் மல்க ஒரு கடிதம் கொடுத்திருந்தது. கவுன்ட்டர்காரர் எழுந்து நின்று வாங்கினாராம். 'முழுமையான வேலையின்மை', பச்சை அட்டை.

"அத்தானுக்குப் பச்சை குடுத்தாங்களாமே?" என்றாள் மனைவி, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "அக்கா போன் பண்ணிச் சொன்னா. நீங்க ஏங்க மஞ்சள் வாங்கிட்டு வந்தீங்க?"

வேலை போனதில்கூட அவன் முந்திக்கொண்டான். அன்றைக்கு டார்ச்சுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை.

மையத்தில் வகுப்புகள் தொடங்கின. முதல் பாடம், முகக்கவசம் போட்டபடி கண்ணால் சிரிப்பது. நேர்முகத் தேர்வில் வாய் தெரியாது, ஆகவே கண்ணால் சிரிக்கத் தெரியாதவருக்கு எதிர்காலம் இல்லை என்றார் ஆலோசகர். அந்த அம்மாள் எதைச் சொன்னாலும் கைதட்டிவிட்டுத்தான் சொல்வார். நன்றாகச் செய்கிறவர்களுக்குச் சட்டையில் ஒரு ஸ்டார் ஒட்டுவார். நிறைய ஸ்டார் வாங்குகிறவருக்கு மாதாமாதம் ஒரு மளிகைப் பை. எல்லோரையும்விட அதிகம் வாங்குகிறவருக்கு 'முன்மாதிரி வேலை தேடுநர்' என்ற பட்டம், மேடையில், கேமரா முன்னால்.

சகலை கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு ஒரு பார்வை பார்த்தான். வகுப்பே அந்தக் கண்ணைப் பார்த்துச் சிரித்தது. ஒரு ஸ்டார்.

டார்ச்சுக்காரர் வாழ்நாள் முழுக்க இருட்டில் வேலை பார்த்தவர். அவர் சிரித்தாரா முறைத்தாரா என்று யாரும் பார்த்ததில்லை, ஆகவே அவருக்கும் தெரியாது. அவர் கண்ணால் சிரித்தபோது ஆலோசகர், "உடம்புக்கு ஏதாவது பண்ணுதா? தண்ணி வேணுமா?" என்று கேட்டார்.

அடுத்தது திறமை அறிதல்.

"உங்க தனித்திறமை என்ன?"

"இருட்டுல ஆளுங்கள உட்கார வைப்பேன் மேடம்."

ஆலோசகர் அதைக் கம்ப்யூட்டரில் தட்டினார். கம்ப்யூட்டர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கண் மருத்துவம் படிக்கும்படி அறிவுரை சொன்னது. சகலைக்கு அதே கம்ப்யூட்டர் 'பிறவித் தலைவர்' என்று சொல்லியிருந்தது. கம்ப்யூட்டருமா அவன் பக்கம் என்று டார்ச்சுக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அந்தப் பட்டத்தை அவனுக்கு விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்தார்.

அதன்பிறகு அவர் வேலை தேடிய அழகை ஊரே பார்த்தது. மையம் திறக்குமுன் வாசலில் நிற்பார். மனு போட்டால் ஸ்டார் உண்டு, பதில் வரவேண்டும் என்று கட்டாயம் இல்லை. சொல்லப்போனால் பதில் வருவதை மையம் விரும்புவதில்லை, அதைப் பதிவு செய்ய அவர்களிடம் இடம் கிடையாது. டார்ச்சுக்காரர் மூடிக்கிடந்த கடைகளுக்கெல்லாம் மனு போட்டார். சகலை கப்பல் கேப்டன் வேலைக்கு மனு போட்டான் என்று தெரிந்ததும் இவர் விமானம் ஓட்டுகிறேன் என்று எழுதினார். "இதுதான் தன்னம்பிக்கை!" என்று ஆலோசகர் கைதட்டினார். அந்த வேகத்தில், மையத்தின் இயக்குநர் பதவிக்கே ஒரு மனுவைப் போட்டுவிட்டார்.

இயக்குநர் அவரை அறைக்குள் கூப்பிட்டார். மெத்து மெத்தென்ற சுழல் நாற்காலி, அதிலும் விலை ஒட்டியிருந்தது. ஆனால் அவர் உட்கார்ந்திருந்தார்.

"நீங்க தேடறது தப்பில்ல. எங்க தேடறோம்னு ஒரு நிதானம் வேணும். இந்த வேலை காலி இல்ல. உங்கள மாதிரி ஆளுங்க இருக்கிற வரைக்கும் காலி ஆகாது." ஒரு ஸ்டாரை உரித்து எடுத்துக்கொண்டார்.

போன ஸ்டாரை மீட்க டார்ச்சுக்காரர் இரவு பகலாகப் பாடுபட்டார். ஒருநாள் மனைவி தையல் மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"தினம் அங்க போய் என்னதாங்க பண்றீங்க?"

"வேலை தேடறேன்."

"கிடைக்குமா?"

"கிடைச்சா எல்லா ஸ்டாரும் போயிடுமே!" என்றார் அவர், பதறிப்போய்.

அவள் மறுபடியும் மெஷினை மிதித்தாள். அந்த மெஷினின் சத்தம் அன்று அவருக்கு என்னவோ போல் இருந்தது.

இப்படி ஏறி ஏறி, சகலையைவிட ஒரு ஸ்டார் கூடுதலாக அவர் நின்றிருந்த நாளில்தான் அந்த நர்ஸ் வந்தார். தடுப்பூசி போடும் முகாமிலிருந்து நேராக வந்திருந்தார், நெற்றியில் வேர்வை.

"இங்க வேலை தேடறவங்க இருக்காங்கன்னு சொன்னாங்க. எங்களுக்கு ஒரு ஆள் வேணும். பெரிய ஹால்ல ஜனங்க முட்டி மோதறாங்க. சத்தம் போடாம ஒவ்வொருத்தரையா கூட்டிட்டுப் போய், இடம் விட்டு இடம் உட்கார வைக்கணும். அவ்வளவுதான். சம்பளம் உண்டு."

உலகத்தில் டார்ச்சுக்காரருக்கென்றே செய்த ஒரு வேலை நடந்து வந்து எதிரே நிற்கிறது.

இயக்குநர் முகம் சுளித்தார். "வேலையா? இங்கயா? அம்மா, இது வேலை தேடறவங்களுக்கான இடம். வேலை குடுக்கிறதெல்லாம் எங்க வரம்புக்குள்ள வராது. நடுவுல புகுந்து இவங்க மனசக் கலைக்காதீங்க." பிறகு எல்லோரையும் பார்த்துச் சொன்னார்: "யாருக்காவது போகணும்னு தோணினா தடுக்க மாட்டோம். ஆனா ஸ்டார்கள் ரத்து. பேருக்கு எதிர்ல 'இடைநின்றவர்'னு எழுதுவோம்."

டார்ச்சுக்காரரின் கை தானாக மேலே எழுந்தது. தோள் வரை வந்த கையோடு, பக்கத்து வட்டத்தில் நின்ற சகலையைத் திரும்பிப் பார்த்தார். தான் போனால் பட்டம் இவனுக்கு. மேடையில் இவன், கேமரா முன்னால் இவன், மாமியார் வீட்டு டிவியில் இவன். கை அப்படியே திரும்பிக் கழுத்தைச் சொறிந்துகொண்டு கீழே இறங்கியது.

"நான் வரேம்மா," என்றான் சகலை.

அவன் சட்டையிலிருந்து ஸ்டார்களை ஆலோசகர் ஒவ்வொன்றாக உரித்தார். முதல்முறையாகக் கைதட்டாமல் ஒரு வேலையைச் செய்தார். இயக்குநர், "நல்லா வரவேண்டிய பிள்ளை, வேலையில மாட்டிக்கிச்சு," என்று தலையில் அடித்துக்கொண்டார். வென்றுவிட்டோம் என்று டார்ச்சுக்காரருக்குக் குதூகலம். வீட்டுக்கு வரும் வழியில் பாதித் தூரத்திலேயே அது போய்விட்டது. இருட்டையே பார்க்காதவன், ஆளை உட்கார வைக்கப் போகிறான்! என் வேலையை அவன் செய்யப் போகிறான்! பச்சை அட்டைக்குப் பட்ட பொறாமையெல்லாம் இதற்கு முன்னால் தூசி.

மனைவியிடம் நர்ஸ் வந்ததை அவர் சொல்லவில்லை. அக்காள் போன் பண்ணிச் சொல்லிவிட்டாள். மனைவி ஒன்றும் கேட்காமல் சோறு போட்டாள். கேட்டிருந்தால் பரவாயில்லை என்று இருந்தது.

பட்டமளிப்பு விழா ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. நாற்காலிகளை இடைவெளி விட்டுப் போட்டிருந்தார்கள். ஆட்களை உட்கார வைக்கப் பழகிய ஆள் வேண்டும் என்று மையம் நர்ஸிடம் கெஞ்சிக் கேட்க, நர்ஸ் சகலையையே கூட்டிக்கொண்டு வந்திருந்தார். டார்ச்சுக்காரர் கழுத்தில் மெடல் மாட்டத் தோதாகப் பட்டன் போட்ட புதுச் சட்டையில் ஸ்டார்களையெல்லாம் மாற்றி ஒட்டிக்கொண்டு வந்தார். சகலை அவர் கையைப் பிடித்து முன்வரிசைக்குக் கூட்டிப் போனான்.

"இப்படி உட்காருங்க சகலை."

பிறந்ததிலிருந்து அவரை யாரும் இப்படி ஒரு ஸீட்டில் உட்கார வைத்ததில்லை. உட்கார்ந்தார். நாற்காலி முள்ளாகக் குத்தியது.

இயக்குநர் மைக்கைப் பிடித்தார்.

"பெரியோர்களே! இந்த நோய் நாட்டில் எத்தனையோ நிறுவனங்களை மூடியது. ஆனால் இந்த மையத்தைத் திறந்தது. வேலை என்பது என்ன? இன்று இருக்கும், நாளை போகும். வேலையின்மையை யாரும் நம்மிடமிருந்து பறிக்க முடியாது! அந்த உறுதியான அடித்தளத்தின் மீதுதான் நாங்கள் இந்த மையத்தைக் கட்டியிருக்கிறோம். எங்களிடம் சேர்ந்தவர்களில், வழிதவறிய ஒரே ஒருவரைத் தவிர, யாரும் எங்களை விட்டுப் போகவில்லை. அவர்கள் இத்தனை உறுதியாக நின்றதால்தான் எங்கள் ஊழியர் அனைவரும் இந்த ஆண்டு நிரந்தரம் செய்யப்பட்டார்கள். வேலையிழந்தவர்களுக்கு நன்றி! அடுத்த ஆண்டு இரண்டு மடங்கு பேரை எதிர்பார்க்கிறோம்!"

கைதட்டல் ஓயவில்லை. மையத்தின் சாதனைகளைக் காட்டும் படம் ஒன்றைப் போடுவதற்காக விளக்குகளை அணைத்தார்கள்.

இருட்டு. டார்ச்சுக்காரரின் முதுகு நிமிர்ந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் பின்வாசல் வழியாக ஒரு கும்பல் தாமதமாக நுழைந்தது. யாரோ நாற்காலியில் இடறினார்கள். யாரோ யாருடைய மடியிலோ உட்கார்ந்து அலறினார்கள். சகலைக்குக் கை கால் ஓடவில்லை. பழக்கதோஷம், பஸ்ஸில் ஏற்றுகிற மாதிரிக் கத்த ஆரம்பித்தான்.

"உள்ள போங்க, உள்ள போங்க! பின்னாடி இடம் இருக்கு! வாசல்ல நிக்காதீங்க! அந்த ஓரத்துக்காரர் கொஞ்சம் நகர்ந்து உட்காருங்க!"

இடம் விட்டு உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாம் நகர்ந்து நகர்ந்து ஒரே மூட்டையாக அடைந்தார்கள்.

இரண்டு நிமிஷம் பொறுத்தார் டார்ச்சுக்காரர். அது பட்டத்துக்காக. அதற்குமேல் முடியவில்லை. எழுந்தார். செல்போன் வெளிச்சத்தை உள்ளங்கையால் பாதி மூடித் தரையில் அடித்துக்கொண்டு பின்னால் போனார். ஒரு வார்த்தை சத்தமாகப் பேசவில்லை. "பாத்து, படி இருக்கு. மூணாவது ஸீட். காலை மடக்கிக்கோங்க ஐயா, ஒருத்தர் தாண்டிப் போகணும்." மூட்டை பிரிந்தது. படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே மண்டபம் அடங்கியது. நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று அவருக்கும் தன் இடத்தில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. ஊரை அடைத்த நாளிலிருந்து அவர் இப்படிச் சந்தோஷமாக இருந்ததில்லை.

கடைசியாக ஒரு கனத்த ஆள் வந்தார். நல்ல சென்ட் வாசனை.

"படம் ஆரம்பிச்சு ரொம்ப நேரம் ஆச்சா?"

"இப்பத்தான் சார். ஒண்ணும் போயிடல. இப்படி வாங்க."

உட்கார வைத்தார். அந்த ஆள் தியேட்டர் ஞாபகத்தில் அவர் உள்ளங்கையில் ஒரு நோட்டை அழுத்தினார். டார்ச்சுக்காரரும் தியேட்டர் ஞாபகத்தில் கையை மூடிக்கொண்டார்.

விளக்கு எரிந்தது.

"அது என்ன கையில?" என்று ஓடி வந்தார் ஆலோசகர். "வருமானமா? பட்டம் வாங்கப் போறவர் வருமானம் வாங்கலாமா?"

"வருமானம்!" என்று மைக்கிலேயே அலறினார் இயக்குநர். "மேடைக்குக் கூப்பிடற நேரத்துல சம்பாதிச்சுட்டானே! யாரு? யாரு இவனுக்குக் குடுத்தது?"

கனத்த ஆள் மெல்ல எழுந்து நின்றார். அவர் துறைச் செயலாளர், விழாவின் சிறப்பு விருந்தினர். இயக்குநர் மைக்கை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

"நான்தான் குடுத்தேன். நல்லா உட்கார வெச்சாரு, குடுத்தேன். ஏன், தப்பா?"

"தப்பு இல்லைங்க ஐயா. ஆனா நீங்க குடுத்தா துறை குடுத்த மாதிரி. துறையே சம்பளம் குடுத்துட்டா அவர் வேலையில சேர்ந்த மாதிரி..."

"அப்படியா?" என்றார் செயலாளர் முகம் மலர்ந்து. "அப்ப நம்ம மையம் ஒருத்தருக்கு வேலை வாங்கிக் குடுத்திருக்கு! இத்தனை நாள் இதை ஏன் யாரும் என்கிட்ட சொல்லல? எழுதிக்கோங்க!"

இயக்குநர் உட்கார நாற்காலி தேடினார், யாரும் காட்டவில்லை. ஆலோசகர் டார்ச்சுக்காரரின் சட்டையிலிருந்து ஸ்டார்களை உரித்தார். உரித்த இடத்திலெல்லாம் புதுச் சட்டையில் பசை ஒட்டியிருந்தது. பட்டத்தை யாருக்கும் கொடுக்கவில்லை, மெடலைத் திரும்பவும் டப்பாவில் வைத்து மூடினார்கள்.

வாசலில் சகலையோடு நின்றிருந்த நர்ஸ் வழிமறித்தார். "அன்னைக்குப் பாதிக் கை தூக்கிட்டு இறக்கினது நீங்கதானே? நாளைக்கு முகாமுக்கு வாங்க. இவரால ஒத்தையாளா சமாளிக்க முடியல. தினம் பஸ் ஸ்டாண்டு மாதிரி இருக்கு."

"வரேம்மா," என்றார் டார்ச்சுக்காரர். இந்த முறை திரும்பி யாரையும் பார்க்கவில்லை.

இரண்டு பேரும் வீட்டைப் பார்த்து நடந்தார்கள். சகலை வழக்கமாகப் பேசிக்கொண்டே வருகிறவன். அன்று தெரு முனை தாண்டிய பிறகுதான் வாயைத் திறந்தான்.

"நான் சேர்ந்த நாளா எத்தனை பேர உட்கார வெச்சிருக்கேன் சகலை. ஒருத்தரும் எனக்கு இப்படிக் குடுத்ததில்லையே."

டார்ச்சுக்காரர் நோட்டு இருந்த கையை மூடியபடியே நடந்தார்.

"எவ்வளவு குடுத்தாரு?"

"அதெல்லாம் எதுக்கு சகலை."

"சும்மா சொல்லுங்க. பெரிய நோட்டா?"

அது இருப்பதிலேயே சின்ன நோட்டு. டார்ச்சுக்காரர் விரல்களை இன்னும் இறுக்கி மூடிக்கொண்டு, நிதானமாக ஒரு பெருமூச்சு விட்டார். சகலையின் பார்வை அந்த மூடிய கையைவிட்டு நகரவில்லை, ஒரு கல் தடுக்கிக்கூடப் போனான். பாவம், இன்றைக்கு ராத்திரி அவனுக்குத் தூக்கம் வராது. புரண்டு புரண்டு படுப்பான், எழுந்து தண்ணீர் குடிப்பான், மறுபடி படுப்பான். அது எப்படி இருக்கும் என்று டார்ச்சுக்காரருக்கு நன்றாகத் தெரியும்.